எண்பத்திரண்டு வாங்கியவர்

என் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் மருந்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் லைசென்ஸைப் பார்த்தாக வேண்டும். கல்லாவுக்கு நேர் மேலே, கண்ணாடி போட்டு, அதற்கென்று தனியாக ஒரு சின்ன விளக்கும் வைத்து மாட்டியிருக்கிறேன். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது. லைசென்ஸில் மார்க் அச்சடிக்க மாட்டார்கள். அந்தக் குறையை நான் வாயால் தீர்த்துவந்தேன்.

"எண்பத்திரண்டு. முதல் தடவையிலேயே," என்பேன். இருமல் மருந்து கேட்டு வந்தவர் இருமலை அடக்கிக்கொண்டு தலையாட்டுவார். கடைத்தெருவில் எனக்கு 'எண்பத்திரண்டு' என்று ஒரு பெயர் இருப்பதும் எனக்குத் தெரியும். கிண்டலாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

தெருவில் யார் எந்தப் பரீட்சைக்குப் படித்தாலும் என்னிடம் யோசனை கேட்பார்கள். கேட்காதவர்களையும் நான் விட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் இத்தனை பேருக்குத்தான் பாஸ் என்று பரீட்சை நடத்துகிற போர்டில் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள் என்பேன். கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் எழுதுகிற வருஷத்தில் மாட்டிக்கொண்டால் நம் மார்க் தானாக இறங்கிவிடும் என்பேன். முக்கியமாக, ஒரு தப்புக்கு ஒரு சரி போய்விடும், ஆகவே தெரியாத கேள்வியைத் தொடவே கூடாது என்பேன். இதெல்லாம் எனக்கு யார் சொன்னது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

என் மகளைக் கட்டியவர் என் கடையிலேயே அசிஸ்டென்ட். மருந்துப் படிப்பு முடித்தவர்தான். ஆனால் லைசென்ஸ் பரீட்சையில் தேறினால்தான் சொந்தப் பொறுப்பில் மருந்து கொடுக்க முடியும். அதுவரை, டாக்டர் சீட்டுக்கு அவர் எடுத்து வைக்கிற ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் நான் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அதன் பிறகுதான் அது கவருக்குள் போகும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை தலையாட்டுவேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பாஸ் மார்க் எழுபத்தைந்து. மாப்பிள்ளை முதல் தடவை அறுபத்தெட்டு, இரண்டாம் தடவை எழுபத்திநாலு. மூன்றாவதிலும் போனால் இரண்டு வருஷம் எழுத முடியாது. புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்காக ஒரு வேலை வேறு காத்திருந்தது. மூன்று மாசத்துக்குள் லைசென்ஸோடு வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். மகளும் அவரும் அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார்கள். கடையிலிருந்து அது வெகுதூரம். அந்தத் தூரம்தான் அவர்களுக்கு அந்த வீட்டில் பிடித்த அம்சம் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

எழுபத்திநாலு வந்த நாளிலிருந்து எனக்கு ஓய்வில்லை.

"ஒரு மார்க்கு மாப்பிள்ளை. ஒரே ஒரு கேள்வி. அது எதுன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

"யோசிக்கிறேன் மாமா."

"நல்லா யோசிங்க. ஒண்ணும் அவசரமில்ல. அதான் கையில நிறைய டைம் இருக்கே."

மாப்பிள்ளையை மரியாதை குறையாமல் இடிக்க நம் பாஷையில் நல்ல வசதி இருக்கிறது. 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லிக்கொண்டே ஆளை உட்கார விடாமல் அடிக்கலாம். ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருகிற ரிட்டயர்டு வாத்தியார் என் பக்கம். "ஒரு மார்க்குலயா? மறுகூட்டல் போட்டுப் பாருங்களேன்," என்று வருகிறபோதெல்லாம் சொல்வார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே அவருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டு என் தலையாட்டலுக்காகத் திரும்பிப் பார்ப்பார்.

வீட்டிலும் அதே பேச்சு. "ஏங்க, சாப்பிடுறப்பவாவது அந்த ஒரு மார்க்கைக் கீழ வைங்களேன்," என்பாள் என் மனைவி.

"அப்பாகிட்டதான் ஏழு மார்க்கு உபரியா இருக்கே. அதுல ஒண்ணைத் தூக்கி இவருக்குக் குடுத்துட்டா பேச்சே முடிஞ்சுது," என்றாள் மகள். மாப்பிள்ளைக்குப் புரையேறியது.

இப்படி இருக்கும்போதுதான் போர்டிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. லைசென்ஸ் பரீட்சைக்குப் புதுக் கேள்வித்தாள் ஒன்று தயாராகிறதாம். அதில் தேர்ச்சிக் கோடு எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிக்க அனுபவமுள்ள மருந்தாளுநர்கள் பத்துப் பேர் கொண்ட குழு கூடுகிறதாம். இரண்டு நாள். அதில் நானும் ஒருவன். கடிதத்தை முதலில் எனக்கும், பிறகு கடைக்கும், பிறகு வாத்தியாருக்கும் வாசித்தேன். புதுச் சட்டை எடுத்தேன்.

கடிதத்தோடு ஒரு படிவம். ஆறாவது கேள்வி: 'அடுத்த ஓராண்டுக்குள் இந்தப் பரீட்சை எழுதவிருக்கும் நெருங்கிய உறவினர் உங்களுக்கு உண்டா?'

பேனா நின்றது. பிறகு எனக்குள்ளிருந்து ஒரு வக்கீல் எழுந்தார். நெருங்கிய உறவினர் என்றால் ரத்த சம்பந்தம். மகள் ரத்த சம்பந்தம், அவள் பரீட்சை எழுதவில்லை. மாப்பிள்ளை இன்னொரு வீட்டுப் பிள்ளை. அவர் ரத்த குரூப்பே வேறு. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அடித்த வேகத்தில் தாள் லேசாகக் கிழிந்தது.

அந்தப் படிவத்தை உறையில் போட்டு, ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டு வந்தவர் மாப்பிள்ளைதான்.

கூட்டம் நடந்த அறையில் நீள மேஜை, பத்து நாற்காலி, பத்துத் தண்ணீர் பாட்டில். வாசலிலேயே செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தலைமை மருந்தாளுநர் சட்டைப் பையில் மூன்று பேனாவோடு வந்திருந்தார். ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்திருந்தார். சின்ன கிளினிக்கில் வேலை பார்க்கிற ஓர் அம்மாள் வந்திருந்தார். கூட்டத்தை நடத்தியது போர்டின் அளவீட்டு அதிகாரி. மெலிந்த பெண், முப்பது வயசு இருக்கும். மருந்து படித்தவர் இல்லை, பரீட்சைகளை அளப்பதுதான் அவர் படிப்பு.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒண்ணுமே தெரியறதில்ல மேடம். கோட்டை நல்லா மேல தூக்கிப் போடுங்க," என்றார் தலைமை மருந்தாளுநர்.

"சொந்தக்காரனா இருந்தாலும் முகம் பாக்கக் கூடாது," என்றேன் நான். இதை நானே முன்வந்து, யாரும் கேட்காமல் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

"கோடு அப்புறம் சார். முதல்ல நீங்க எல்லாரும் இந்த அறுபது கேள்விக்கும் பதில் எழுதணும்."

"நாங்களா?"

"ஆமா சார். பரீட்சை எப்படி இருக்குன்னு தெரிஞ்சாதானே கோடு போட முடியும்."

"எங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கே மேடம்," என்றார் பேராசிரியர்.

"அதனாலதான் சார் கூப்பிட்டிருக்கோம்."

தாளை வாங்கினோம். முதல் நாலு கேள்வியைச் சிரித்துக்கொண்டே எழுதினேன். ஐந்தாவது, நான் பரீட்சை எழுதிய காலத்தில் பிறந்தே இராத ஒரு மருந்தைப் பற்றியது. என் கடையில் தினமும் விற்கிற மருந்துதான். அதை விற்கத் தெரியும். அது சிறுநீரகம் பழுதானவருக்கு எவ்வளவு என்று கேட்டால் மாப்பிள்ளையிடம் கேட்பேன். பக்கத்தில் மாப்பிள்ளை இல்லை.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அந்த அறையில் இந்தக் காலத்துப் பசங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நாற்காலி முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதிகாரி என் பின்னால் வந்து நின்றார். "சார், ஒன்பது கேள்வி காலியா இருக்கே."

"தெரியாததைத் தொடறதில்ல மேடம். மைனஸ் மார்க் வேற."

"மைனஸே கிடையாது சார். எப்பவும் இருந்ததில்ல. காலியா விட்டா அதுவும் தப்புதான். எழுதறவங்களுக்குக் குடுக்கற கையேட்டுல நாலாம் பக்கத்துலயே போட்டிருக்கோம்."

அந்தக் கையேடு எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை முதல் தடவை விண்ணப்பித்தபோது தபாலில் வந்தது. 'இதையெல்லாம் படிச்சு எதுக்கு நேரத்தை வீணாக்கறீங்க, அதான் நான் இருக்கேனே' என்று அவர் கையிலிருந்து வாங்கி, இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜின் ஆடுகிற காலுக்கு அடியில் சொருகினேன். முதல் பரீட்சையில் அவர் பதினோரு கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டு வந்தார். அந்தக் கட்டுப்பாட்டை நான் தெருவில் நாலு பேரிடம் புகழ்ந்தும் இருந்தேன்.

ஒன்பதையும் குத்துமதிப்பாக நிரப்பினேன். பிறகு சரியான விடைகள் அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். அவரவர் தாளை அவரவரே திருத்திக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்கள்.

முப்பத்திமூன்று. அறுபதுக்கு.

மறுபடி எண்ணினேன். முப்பத்திமூன்றாகவே இருந்தது. தலைமை மருந்தாளுநர் தன் தாளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மூன்று பேனாவையும் வரிசையாக வைத்தார். பேராசிரியருக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. கிளினிக் அம்மாள் மட்டும், "எனக்கு முப்பத்தாறுங்க. வீட்டுக்குப் போய் முதல்ல புஸ்தகத்தை எடுக்கணும்," என்று சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை.

டீ வந்தது. எனக்கு எதையாவது பேசியாக வேண்டும் போலிருந்தது. அதிகாரியிடம் போனேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மேடம். எழுபத்திநாலு. ஒரே கேள்வில போச்சு. அது எந்தக் கேள்வின்னு உங்களால கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா?"

"ஒரே கேள்வின்னு யார் சொன்னா சார்?"

"எழுபத்தஞ்சுக்கு எழுபத்திநாலு. ஒண்ணுதானே குறையுது?"

"அது நூத்துக்கு எழுபத்தஞ்சு இல்ல சார். அறுபது கேள்வில எத்தனை சரியா இருந்தாப் போதும்னு நீங்க எல்லாரும் நாளைக்கு ஒரு கோடு போடுவீங்க. அந்தக் கோட்டுக்கு நாங்க வெக்கிற பேருதான் எழுபத்தஞ்சு. போன தாள் கொஞ்சம் கஷ்டம், கோடு கீழ விழுந்துச்சு. அதுக்கும் பேரு எழுபத்தஞ்சுதான். யார் எந்தத் தாள் எழுதினாலும் ஒரே அளவுகோல்ல நிக்கணும்ல?"

"அப்ப எழுபத்திநாலுன்னா?"

"கோட்டுக்குக் கொஞ்சம் கீழ. அவ்வளவுதான் சொல்லலாம். எது குறைஞ்சுதுன்னு தேடறது வீண் வேலை சார். அவருக்கு எந்தப் பாடம் பலவீனம்னு ரிசல்ட்டோடயே அனுப்பறோம். அதைப் படிச்சாப் போதும்."

"இத்தனை பேருக்குத்தான் பாஸ்னு ஒரு கணக்கு..."

"கிடையாது சார். எல்லாரும் தாண்டினா எல்லாரும் பாஸ். பக்கத்து சீட்டுக்காரர் கெட்டிக்காரரா இருந்தா நமக்கு ஒண்ணும் குறையாது."

கேட்காமல் வந்திருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "எண்பத்திரண்டுன்னு ஒருத்தர் வாங்கியிருந்தா மேடம்? ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி."

"தாண்டிட்டாருன்னு அர்த்தம்."

"நல்லாவே தாண்டிட்டாருன்னு..."

"தாண்டினவங்களை வரிசைப்படுத்தறதுக்காகச் செஞ்ச பரீட்சை இல்ல சார் இது. நாளைக்குக் கவுன்டர்ல நிக்க விடலாமா, கூடாதா, அது மட்டும்தான். அதான் இப்பல்லாம் பாஸ் பண்ணவங்களுக்கு மார்க்கே சொல்றதில்ல. சொன்னா சில பேர் ஆயுசு முழுக்க அதையே சொல்லிக்கிட்டுத் திரியறாங்க."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

மறுநாள் கோடு போடுகிற வேலை. கவுன்டரில் நிற்கக் குறைந்தபட்சத் தகுதி மட்டுமே உள்ள ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். கெட்டிக்காரர் வேண்டாம், மோசமானவரும் வேண்டாம். அப்படி நூறு பேர் வரிசையாக நிற்பதாக வைத்துக்கொண்டு, அவர்களில் எத்தனை பேர் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வார்கள் என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் எழுத வேண்டும். பத்துப் பேர் எழுதிய எண்களையும் சேர்த்துச் சராசரி எடுத்து, அறுபது கேள்விக்குக் கணக்கிட்டால் அதுதான் கோடு.

கண்ணை மூடினேன். நூறு மாப்பிள்ளைகள் வந்து நின்றார்கள். நூறு பேரும் என் தலையாட்டலுக்காகத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்பத்தோராவது கேள்வி ஒரு குழந்தைக்கான சிரப். ஒரு நாளைக்கு மொத்தம் இவ்வளவு என்று எடைக்கு ஏற்பக் கணக்குப் போட்டு, அதை மூன்று வேளைக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முந்தின நாள் நான் பிரிக்க மறந்து தப்பாகப் போட்ட கேள்வி. இதே மாதிரி ஒரு சீட்டு இரண்டு மாசத்துக்கு முன்னால் கடைக்கு வந்தது. மாப்பிள்ளை குழந்தையின் எடையைக் கேட்டார், தாளில் கணக்குப் போட்டார், டாக்டருக்குப் போன் செய்தார். அம்மாக்காரி குழந்தையோடு இருபது நிமிஷம் நின்றாள். 'டாக்டர் எழுதினதைக் குடுத்து அனுப்புங்க மாப்பிள்ளை, பாஸ் பண்ணாதவங்களுக்குத்தான் சந்தேகம் அதிகம்' என்று நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒரு நாள் அளவை ஒரு வேளைக்கு எழுதிவிட்டேன் என்று டாக்டரே போனில் மன்னிப்புக் கேட்டார். 'எனக்கும் அது தோணுச்சு' என்று நான் அப்போது சொன்னேன். தோன்றியிருக்கவில்லை.

நாற்பத்தோராவது கேள்விக்கு நேராக, நூற்றுக்குத் தொண்ணூறு என்று எழுதினேன்.

சாயங்காலம் கோடு வந்தது. முப்பத்தெட்டு. கைதட்டினார்கள். கோட்டுக்கு ஐந்து கீழே உட்கார்ந்து நானும் கைதட்டினேன்.

"எப்படிங்க போச்சு?" என்றாள் மனைவி.

"ரகசியம்," என்றேன். அந்தச் சொல் அவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாத்தியாரிடமும் அதையே சொன்னேன். அவருக்கு என் மேல் மரியாதை கூடியது. மறுநாள் கடையில் லைசென்ஸுக்கு மேலே இருந்த விளக்கைக் கழற்றி மேஜைக்குள் போட்டுவிட்டு, ஃப்யூஸ் போய்விட்டது என்றேன். மதியமே மாப்பிள்ளை புது விளக்கு வாங்கிவந்து மாட்டினார். முன்னைவிடப் பிரகாசமானது.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மத்தியானம். கடையில் ஆளில்லை. மாப்பிள்ளை கவுன்டரில் நோட்டை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் பல நாளாக மென்று வைத்திருந்ததைத் துப்பினேன்.

"மாப்பிள்ளை, இந்தத் தடவை எதையும் காலியா விடாதீங்க."

"விட மாட்டேன் மாமா."

"தெரியலன்னாலும் ஏதாவது ஒண்ணைப் போட்டுருங்க. மைனஸ் இல்லையாம். இப்ப மாத்திட்டாங்க போல."

"தெரியும் மாமா. போன தடவையே எல்லாத்துக்கும் போட்டேன். கையேட்டுல இருக்கு, நாலாம் பக்கம்."

"கையேடு ஃப்ரிட்ஜுக்கு அடியில இல்ல இருக்கு?"

"ஆமா. தூக்கி எடுத்துப் படிச்சேன். படிச்சிட்டு அங்கேயே வெச்சிட்டேன். ஃப்ரிட்ஜ் ஆடுமே."

"எப்ப?"

"முத ரிசல்ட் வந்த அன்னைக்கு."

ஒரு வருஷத்துக்கு மேல். அந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேருக்கு நான் மைனஸ் மார்க் பாடம் நடத்தியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் நின்று மாத்திரை அட்டை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இந்த ஒரு மார்க்கு... அது ஒரு கேள்வி இல்லைங்கறது..."

"அது பதினொண்ணாம் பக்கம் மாமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க எண்பத்திரண்டு வாங்கினவரு."

முகத்தைப் பார்த்தேன். குத்தலுக்காகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது குத்திவிட்டுத் தப்பித்திருப்பேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த நேரத்தில் அவருக்கு எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு தவிப்பு. "குழந்தைங்க டோஸ் கணக்கை நல்லாப் பாத்துக்குங்க," என்றேன். "சிரப்பு. நாள் அளவை வேளை அளவாப் பிரிக்கறது. அது வரும்."

அவர் பேனா நின்றது. "வரும்னா? நீங்க போய்ப் பாத்தது நாங்க எழுதப்போற தாளா மாமா?"

நான் எடை பார்க்கிற மெஷினைப் பார்த்தேன்.

"வீட்டுல யாராவது எழுதறாங்களான்னு அந்தப் படிவத்துல கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க."

"என்ன போட்டீங்க?"

"இல்லன்னு."

அப்போது பார்த்து ஒருவர் சீட்டோடு வந்தார். மாப்பிள்ளை சீட்டை வாங்கி, இரண்டு அட்டை மாத்திரை எடுத்து வைத்தார். வழக்கம்போல் என்னைத் திரும்பிப் பார்த்தார். விதி விதிதானே. நான் தலையாட்டினேன். வந்தவர் என் லைசென்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"போர்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க மாமா."

"சொன்னா உங்களை இந்தத் தடவை எழுத விட மாட்டாங்க. தள்ளிப்போகும். அந்த ஆஸ்பத்திரிக்காரங்க அதுவரைக்கும் இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க."

"யாருக்கும் தெரியாது மாப்பிள்ளை."

"எனக்குத் தெரிஞ்சிருச்சே. இப்ப அந்தக் கேள்வி வந்தா, பதில் போட்டது நானா நீங்களான்னு எனக்கே சந்தேகமா இருக்கும்."

"அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச கேள்விதான்," என்றேன். "எனக்குத்தான் தெரியல. அறுபதுக்கு முப்பத்திமூணு மாப்பிள்ளை. கோடு முப்பத்தெட்டு." வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட எண்ணையும் சேர்த்தே கொட்டிவிட்டேன்.

தப்புச் செய்தவர் அவர்தான் என்பதுபோல் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கவுன்டருக்குப் பின்னாலிருந்த ஸ்டூலை இழுத்து என் பக்கம் தள்ளினார். "உக்காருங்க மாமா," என்றார். கடையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அது என் கடை.

மகள் மதியச் சாப்பாட்டோடு வந்தபோது போன் என் காதில் இருந்தது. பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். மறுமுனையில் அதே அதிகாரி. நான் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொள்வது கேட்டது. கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"எழுதப்போறவர் உங்களுக்கு என்ன வேணும் சார்?"

"மாப்பிள்ளை. பொண்ணைக் கட்டினவர்."

"படிவத்துல ஆறாவது கேள்வி சார். நெருங்கிய உறவினர் இல்லன்னு போட்டிருக்கீங்க. இப்ப என்னன்னு எழுதிக்கட்டும்?"

மகள் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ தேடுவதுபோல் நின்றார். எதுவும் தேடவில்லை. குளிர் வெளியே வந்துகொண்டிருந்தது.

"நெருங்கின உறவுதாங்க," என்றேன். "எங்க வீட்டு ஆளு."

பரீட்சை நாலு மாசம் தள்ளிப்போனது. வேறு தாள் கொடுப்பார்கள், அவர் மேல் குறை எதுவும் எழுத மாட்டார்கள். ஆஸ்பத்திரி வேலை மூன்றாவது வாரமே வேறொருவருக்குப் போனது. பார்த்து வைத்திருந்த வீட்டுக்காரரிடம் மகளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். எனக்குச் சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். "அந்தக் கட்டத்துல டிக் அடிக்கும்போது மாப்பிள்ளை உங்க எதிர்லதானேங்க நின்னாரு?"

போர்டிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் கொடுத்த எண்கள் அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன. ஐந்து வருஷத்துக்கு என்னை எந்தக் குழுவுக்கும் கூப்பிட மாட்டார்கள். மற்ற ஒன்பது பேரின் எண்களைக் கொண்டு மறுபடி கணக்கிட்டதில், கோட்டில் மாற்றம் எதுவும் இல்லை.

இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. மேஜையில் கிடந்ததை மகள் எடுத்துப் படித்தாள். ஒரு மாசத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "பரவால்ல விடுங்கப்பா. நீங்க இருந்ததும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான் போல."

நாலு மாசம் கழித்து மாப்பிள்ளை எழுதினார். ரிசல்ட் தாளில் 'தேர்ச்சி' என்று ஒரே ஒரு வார்த்தை. மனைவி தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கமும் எண் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் வாத்தியார் சீட்டோடு வந்தார். "பாஸா? அட. எவ்வளவு?"

"சொல்ல மாட்டாங்க சார்," என்றார் மாப்பிள்ளை. என் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தார். "ஒரு மார்க்குலதான் பாஸோ என்னவோ. யாருக்குத் தெரியும்."

"உங்க மாமனார் காலத்துல சொன்னாங்களே. எண்பத்திரண்டு," என்று வாத்தியார் எனக்காகவே எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தார். தலைக்கு மேல் புது விளக்கு சுட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்," என்றேன். "இப்ப எழுதினா ஃபெயில் ஆயிடுவேன். எழுதியும் பாத்தாச்சு."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா தம்பி, எவ்வளவு தன்னடக்கம். பெரியவங்கன்னா அப்படித்தான்." இல்லை சார், நிஜமாகத்தான் என்று நான் ஆரம்பித்தேன். அவர் என் தோளைத் தட்டி நிறுத்திவிட்டார். நாளைக்குள் தெரு முழுக்க இது பரவிவிடும். எண்பத்திரண்டுக்கு இப்போது தன்னடக்கமும் வந்துவிட்டது என்பார்கள்.

அவருடைய சீட்டை வாங்கினேன். மாத்திரை எடுத்து வைத்தேன். பேர் சரி, மில்லிகிராம் சரி என்றுதான் தோன்றியது. கவருக்குள் போடப் போன கை நின்றது. திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை ஏதோ ஒரு டாக்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடித்துவிட்டு வந்து பார்க்கட்டும் என்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.